பேரங்காடி வளர்ந்தால் தெரு ஏன் திணறுகிறது?

தாமான் முனையிலிருக்கும் பேரங்காடியைப் பெரிதாக்கப் போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பியதும் கிள்ளான் பள்ளத்தாக்கில் அக்கம்பக்கத்தார் கேட்கும் முதல் கேள்வி, "வர்ற காரெல்லாம் எங்க நிக்கும்?" என்பதுதான். விலை குறையுமா, பிள்ளைகளுக்கு வேலை கிடைக்குமா என்பதெல்லாம் அப்புறம். கூட்டம் போட்டுப் பேசும்போது திட்டத்தின் போக்குவரத்துப் பொறியாளர் ஓர் அறிக்கையைக் காட்டுவார். மாலை நெரிசல் நேரத்தில் உங்கள் சாலையில் கூடப்போவது ஐந்தாறு விழுக்காடு வாகனம்தான் என்று அதில் இருக்கும். "இப்பவே கேட்டைத் திறந்து காரை வெளிய எடுக்க முடியல, இன்னும் கூட்டினா எப்படி?" என்று பின்வரிசையில் ஒருவர் எழுந்து கேட்பார்.

பொறியாளர் பொய் சொல்லவில்லை. எழுந்து கேட்டவரும் மிகைப்படுத்தவில்லை. ஐந்து விழுக்காடு வாகனம் கூடினால் காத்திருப்பும் ஐந்து விழுக்காடு கூடும் என்று நாம் இயல்பாக நினைத்துக்கொள்கிறோம். கணக்கு தவறுவது அங்கேதான்.

இந்தக் கணக்கைத் தொடங்கிவைத்தவர் சாலைப் பொறியாளர் அல்லர். கோப்பன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த அக்னர் எர்லாங் என்ற டென்மார்க் கணிதர். அழைப்பவர்கள் ஒருவருக்கொருவர் பேசிவைத்துக்கொண்டு அழைப்பதில்லை. ஒரு நிமிடம் யாருமே அழைக்க மாட்டார்கள், அடுத்த நிமிடம் ஏழு பேர் சேர்ந்தாற்போல அழைப்பார்கள். இப்படித் தாறுமாறாக வரும் அழைப்புகளுக்கு எத்தனை இணைப்புகள் வைத்தால் போதும் என்று 1909இல் அவர் ஆராயத் தொடங்கினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் வரிசைக் கோட்பாடு. மருத்துவமனைப் பதிவு முகப்பு, வங்கி, விமான நிலையம், இணையச் சேவையகம் என்று இன்று அது புகாத இடமில்லை. தாமானிலிருந்து பெரிய சாலைக்கு ஏறும் சந்தியும் அந்தக் கணக்குக்குள் அடங்கும்.

ஒரு சந்தியை எடுத்துக்கொள்வோம். பெரிய சாலையில் இடைவெளி பார்த்து ஏற ஒரு காருக்குச் சராசரியாக 6 விநாடி ஆகிறது. அப்படியானால் மணிக்கு 600 கார்களை அந்தச் சந்தி அனுப்பிவைக்கும். மணிக்கு 480 கார் வந்தால், அதாவது கொள்ளளவில் 80 விழுக்காடு, ஒரு கார் அங்கே கழிக்கும் நேரம் சராசரியாக அரை நிமிடம். 540 வந்தால் ஒரு நிமிடம். 570 வந்தால் இரண்டு நிமிடம். 588 வந்தால் ஐந்து நிமிடம். கொள்ளளவிலிருந்து வரவைக் கழித்து, கிடைக்கும் எண்ணால் ஒரு மணி நேரத்தை வகுத்தால் இந்த விடைகள் வரும். கார்கள் தற்செயலாக வருகின்றன, ஒவ்வொன்றும் எடுத்துக்கொள்ளும் நேரமும் அப்படியே மாறுகிறது என்ற எளிய அனுமானத்தில் போட்ட கணக்கு இது. உண்மையான சந்தியில் எண்கள் சற்று மாறலாம், போக்கு மாறாது.

540க்கும் 570க்கும் இடையே கூடியவை 30 கார்கள். பொறியாளர் சொன்ன அதே ஐந்தாறு விழுக்காடு. காத்திருப்போ இரண்டு மடங்காகிவிட்டது. 80 விழுக்காட்டில் ஓடிக்கொண்டிருந்த சந்தி இதே 30 கார்களைப் பொருட்படுத்தியே இருக்காது. ஆகவே எத்தனை கார் கூடுகிறது என்பதைவிட, அந்தச் சாலை இப்போது விளிம்புக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதே முக்கியம். கிள்ளான் பள்ளத்தாக்கில் பேரங்காடியை ஒட்டிய சாலைகளில் பல, மாலை ஆறு மணிக்கு அந்த விளிம்பில்தான் நிற்கின்றன.

ஏன் இப்படிச் சட்டென்று ஏறுகிறது? சந்தி சும்மா கிடந்த விநாடிகளைச் சேமித்துவைத்து, கூட்டம் வரும்போது எடுத்துச் செலவழிக்க முடியாது. கார் வராத பத்து விநாடி போனது போனதுதான். அடுத்து நான்கு கார் சேர்ந்து வந்தால் வரிசை உண்டாகும். ஓய்வு நேரம் தாராளமாக இருந்தால் அந்த வரிசை கரைந்துவிடும். ஓய்வே இல்லாத சந்தியில் முந்தைய வரிசை கரைவதற்குள் அடுத்தது வந்து ஒட்டிக்கொள்ளும்.

நேரத்தை மீட்டருக்கு மாற்றினால் அக்கம்பக்கத்தாரின் கோபம் இன்னும் தெளிவாகப் புரியும். 540 கார் வரும்போது அந்தச் சந்தியில் சராசரியாக 9 கார் நிற்கும். 570 வரும்போது 19. ஒரு காருக்கு இடைவெளியோடு 6 மீட்டர் என்று வைத்தால், 54 மீட்டர் வரிசை 114 மீட்டராகிறது. 54 மீட்டரில் யாருக்கும் பெரிய தொல்லை இல்லை. 114 மீட்டரில் அது முந்தைய குறுக்குத் தெருவின் வாயை அடைத்துவிடும். பேரங்காடிக்கே போகாதவர், பள்ளியிலிருந்து பிள்ளையை அழைத்துவந்து இடதுபுறம் திரும்ப வேண்டியவர், அந்த அடைப்பில் மாட்டிக்கொள்வார். அவருக்குப் பின்னால் இன்னொரு வரிசை வளரும். இவையெல்லாம் சராசரிகள் என்பதையும் மறக்கக்கூடாது. மோசமான பத்து நிமிடங்களில் வரிசை சராசரியைப்போல் இரண்டு மூன்று மடங்கு நீளும்.

சந்தியின் கொள்ளளவைத் தின்னும் இன்னொரு பழக்கம் நம்மிடையே வேரூன்றிப்போயிருக்கிறது. கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை மாலை நின்று பார்த்தவர்களுக்கு அதை விளக்கவே வேண்டாம். ஓரத்தில் கோடு போட்ட இடங்கள் நிரம்பியிருக்கும். அவற்றை ஒட்டி இரண்டாவது வரிசையாகக் கார்கள் நிற்கும், அபாய விளக்குகள் மின்னிக்கொண்டிருக்கும், முன்கண்ணாடிக்குள் கைப்பேசி எண் எழுதிய அட்டை ஒன்று இருக்கும். உள்ளே மாட்டிக்கொண்டவர் ஹாரனை அழுத்துவார், பிறகு அந்த எண்ணை அழைப்பார். "ரெண்டே நிமிசம், வந்துட்டேன்" என்று கடைக்குள்ளிருந்து பதில் வரும். பேரங்காடி பெரிதாகும்போது அதன் எதிர்ப்புறத்து ரொட்டிக்கடை, மருந்துக்கடை வாசலிலும் இதே காட்சி தொடங்கும், ஏனென்றால் ஓரத்து இடங்களை இப்போது பேரங்காடிக்கு வந்தவர்கள் பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

அந்த இரண்டு நிமிடத்தின் விலையைப் போட்டுப் பார்க்கலாம். பச்சை விளக்கு எரியும்போது ஒரு தடத்தில் மணிக்கு ஏறத்தாழ 1,800 கார் என்ற வேகத்தில் போகும். பாதி நேரம் பச்சை என்றால் தடத்துக்கு 900, இரண்டு தடத்துக்கு 1,800. மணிக்கு 1,200 கார் வரும் சாலை அது என்றால் நெரிசலே இல்லை. சிக்னலுக்குச் சற்று முன்னால் ஒரு கார் இரண்டாவது வரிசையில் நின்றுவிடுகிறது. இப்போது ஒரே தடம்: மணிக்கு 900 போகிறது, 1,200 வருகிறது. நிமிடத்துக்கு 5 கார் தேங்கும். இரண்டு நிமிடம் என்றவர் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டால் 50 கார். இரண்டு தடத்திலும் 150 மீட்டர் வரிசை. காரை எடுத்துவிட்டார் என்றே வைத்துக்கொள்ளுங்கள், தேங்கிய 50 காரும் கரைய இன்னும் ஐந்து நிமிடம் ஆகும். காரணமானவர் அப்போது அடுத்த தாமானைத் தாண்டியிருப்பார்.

இதில் இயற்பியலும் உண்டு. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் லைட்ஹில், ஜெரால்ட் விட்டம் இருவரும் 1955இல், நெரிசலான சாலையின் கார் ஓட்டத்தை ஆற்று வெள்ளத்துக்கு எழுதும் சமன்பாடுகளின் வகையில் எழுதிக் காட்டினார்கள். முன்னால் ஒருவர் பிரேக் அடித்தால், கார்கள் முன்னோக்கிப் போய்க்கொண்டிருக்கும்போதே அந்தத் தடை மட்டும் பின்னோக்கி அலையாகப் பயணிக்கும். ஜப்பானில் யூக்கி சுகியாமாவின் குழு 2008இல் வெளியிட்ட சோதனையில், 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 கார்களைச் சீரான வேகத்தில் ஓட்டச் சொன்னார்கள். தடையே இல்லாத அந்தப் பாதையில் சிறிது நேரத்தில் நெரிசல் தானாக உருவாகி, மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர் வேகத்தில் பின்னோக்கி நகர்ந்தது. விபத்தும் இல்லாமல் சாலை வேலையும் இல்லாமல் ஃபெடரல் நெடுஞ்சாலையில் நாம் நின்று நின்று போவது இதனால்தான். தடை இல்லாத இடத்திலேயே இப்படியென்றால், நிமிடத்துக்கொரு கார் வேகம் குறைத்துத் திரும்பும் பேரங்காடி வாசலில் என்னவாகும்?

இனி வாகன நிறுத்துமிடம். இங்கே உதவும் விதி மிக எளியது. அமெரிக்காவின் ஜான் லிட்டில் 1961இல் அதற்கு நிறுவல் தந்தார். உள்ளே இருப்பவர்களின் சராசரி எண்ணிக்கை என்பது, வரும் வேகத்தையும் தங்கும் நேரத்தையும் பெருக்கினால் கிடைப்பது. அவ்வளவுதான். மணிக்கு 300 கார் வருகிறது, ஒவ்வொன்றும் 45 நிமிடம் நிற்கிறது என்றால் எந்நேரமும் 225 கார் உள்ளே இருக்கும். வருபவர் எண்ணிக்கை கொஞ்சமும் கூடாமல், நிற்கும் நேரம் மட்டும் ஒன்றரை மணியானால் 450 இடம் வேண்டும்.

விரிவாக்கத்தின் உண்மையான விளைவு இங்கேதான் ஒளிந்திருக்கிறது. அரிசியும் காய்கறியும் வாங்கிக்கொண்டு கிளம்பும் கடை வேறு, உணவகங்களும் முடிதிருத்தகமும் துணிக்கடைகளும் சேர்ந்த வளாகம் வேறு. பெட்டாலிங் ஜெயா செக்ஷன் 14இல் இருந்த ஜெயா சூப்பர்மார்க்கெட் 1970களிலிருந்து அவ்வட்டாரத்துக் குடும்பங்களின் மளிகைத் தேவைக்கு இருந்த இடம். பழைய கட்டடத்தை இடித்துக்கொண்டிருந்தபோது 2009 மே 28 அன்று அது சரிந்து விழுந்து இந்தோனேசியத் தொழிலாளர்கள் ஏழு பேர் உயிரிழந்தார்கள். அதே மனையில் 2014இல் திறக்கப்பட்டது ஜெயா ஷாப்பிங் சென்டர், பல மாடி வணிக வளாகமாக, நிலத்தடி வாகன நிறுத்த மாடிகளோடு. சூப்பர்மார்க்கெட் வணிக வளாகமாக மாறுவது நம் ஊரில் நடக்கும் வழக்கமான மாற்றம். அப்படி மாறும்போது பரப்பளவை மட்டும் வைத்து இடங்களைக் கணக்கிட்டால் போதாது, மக்கள் எவ்வளவு நேரம் தங்குவார்கள் என்பதைக் கேட்க வேண்டும்.

பொதுப்பணி அமைச்சின் நெடுஞ்சாலைத் திட்டமிடல் பிரிவு இதற்கென்றே ஒரு கையேடு வைத்திருக்கிறது. பேரங்காடி, பள்ளி, அடுக்குமாடி என்று ஒவ்வொரு வகைக் கட்டடமும் எத்தனை பயணங்களை உண்டாக்கும் என்று உள்நாட்டில் எண்ணிப் பார்த்துத் தொகுத்தது. அது நல்ல வேலை. அமெரிக்கப் புறநகர் எண்களை அப்படியே இங்கே ஒட்டவைக்காமல் இருப்பதற்கே பாராட்ட வேண்டும். பேரங்காடிக்கு வரும் எல்லாக் காரும் புதிய கார் அல்ல என்பதையும் பொறியாளர்கள் கணக்கில் எடுப்பார்கள். வேலை முடிந்து அந்த வழியே வீடு திரும்புபவர் உள்ளே நுழைந்து பால் வாங்கிப் போவார். அவர் சாலைக்குப் புதியவர் அல்லர். இதைக் கழிப்பது நியாயமே. ஆனால் அவர் வாசலில் வேகம் குறைத்துத் திரும்புகிறார், பிறகு மீண்டும் வந்து நுழைகிறார். பெரிய சாலையின் வாகன எண்ணிக்கையில் அவரைக் கழிக்கலாம், வாசலின் எண்ணிக்கையில் கழிக்க முடியாது. இன்னொன்று, எண்ணும் நாள். அலுவலக நெரிசலை அளக்கச் சாதாரண வேலைநாள் பொருத்தம். பேரங்காடியின் உச்சமோ சம்பளம் போட்ட வார இறுதியிலும் பண்டிகைக்கு முந்தைய வாரத்திலும் வருகிறது. செவ்வாய்க்கிழமை எண்ணிவிட்டுச் சனிக்கிழமைக்குப் பதில் சொல்வதை ஏற்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இடம் தேடி அலையும் கார்களைத் தனியே பார்க்க வேண்டும். இதில் வாழ்நாளைச் செலவிட்டவர் லாஸ் ஏஞ்சலஸ் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டொனால்ட் ஷூப். தன் பல்கலைக்கழகத்தை ஒட்டிய வெஸ்ட்வுட் வில்லேஜ் என்ற 15 பிளாக் கொண்ட சிறு வணிகப் பகுதியில், இடம் தேடிச் சுற்றும் கார்கள் மட்டும் ஆண்டுக்கு 15 லட்சம் கிலோமீட்டர் ஓடுகின்றன என்று கணக்கிட்டார். பூமியை 38 முறை சுற்றும் தூரம். தனித்தனியே பார்த்தால் ஒருவர் தேடியது மூன்று நிமிடத்துக்குச் சற்று அதிகம்தான். நிறைய பேர் நாள் முழுக்கத் தேடுவதால் அது இவ்வளவு தூரமாகச் சேர்கிறது.

சந்தியில் பார்த்த அதே வளைவு இங்கேயும் வருகிறது. 85 விழுக்காடு இடம் நிரம்பியிருந்தால் சராசரியாக ஏழு இடம் தாண்டுவதற்குள் காலியிடம் ஒன்று கிடைக்கும். 95 விழுக்காடு நிரம்பினால் இருபது தாண்ட வேண்டும். 98 என்றால் ஐம்பது. அதனால்தான் எட்டில் ஓர் இடமாவது எப்போதும் காலியாக இருக்கும்படி கட்டணத்தை வைக்க வேண்டும் என்றார் ஷூப். காலியிடத்தை வீணாகப் பார்க்கும் கண்ணுக்கு அது விந்தையாகத் தெரியும். அந்தக் காலியிடம்தான் தெருவில் சுற்றும் கார்களைக் குறைக்கிறது.

கட்டணத்தை வளாகத்துக்குள் மட்டும் வைத்தால் என்ன நடக்கும் என்பது தாமான்வாசிகளுக்கு அத்துப்படி. கார் பக்கத்துத் தெருவுக்கு வரும். வீட்டு வாசலில் யாரோ நிறுத்திவிட்டுப் போவார்கள். வீட்டுக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு, பழைய பெயிண்ட் டின்னில் சிமெண்ட்டைக் கொட்டி நடுவில் ஒரு பைப்பை நட்டு வாசலுக்கு முன்னால் வைப்பார். சிலர் பூந்தொட்டி வைப்பார்கள், சிலர் ஆரஞ்சுக் கூம்பு. பொதுச் சாலையில் இப்படித் தடை வைப்பது 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி குற்றம். ஊராட்சி மன்றத்தின் லோரி வந்து அள்ளிக்கொண்டு போகும். சட்டத்தை மீறியவர் வீட்டுக்காரர் என்று பதிவாகும், காரணம் எங்கோ ஒரு கட்டணப் பலகையில் இருக்கும்.

அப்படியானால் நிறைய நிறுத்துமிடம் கட்டிவிட்டால் போதாதா? பெரும்பாலான கூட்டங்களில் எழும் கோரிக்கை இதுதான், ஊராட்சி மன்ற விதிகளும் இத்தனை சதுர மீட்டருக்கு இத்தனை இடம் என்றே கேட்கின்றன. நான் இதோடு ஒத்துப்போகவில்லை. சந்தியில் மணிக்கு 600 கார்தான் ஏற முடியும் என்றால், உள்ளே ஆயிரம் இடம் கட்டினாலும் வெளியே 600தான். கூடுதல் இடம் கூடுதல் காரை அழைத்துவந்து அதே சந்தியில் விடும். லண்டன் 2004இல் குறைந்தபட்ச நிறுத்துமிட விதியை நீக்கி உச்சவரம்பு வைத்தபோது, புதிய குடியிருப்புகளில் கட்டப்பட்ட இடங்கள் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தன. மக்களுக்குத் தேவையானதைவிட விதிதான் அதிகம் கட்டச் சொல்லிக்கொண்டிருந்தது என்பது அதிலிருந்து தெரிந்தது. சிங்கப்பூரும் 2019 முதல் கீழ் எல்லை, மேல் எல்லை இரண்டையும் வைத்து, ரயில் நிலையத்துக்கு அருகில் குறைவாகக் கட்ட விடுகிறது.

இதை அப்படியே இங்கே இறக்கிவிட முடியாது என்பதும் உண்மை. மலேசியாவில் பதிவான வாகனங்கள் 2023 இறுதியில் 3 கோடியே 60 லட்சத்தைத் தாண்டின, மக்கள்தொகையைவிட அதிகம். பெருங்கோலாலம்பூரின் நெரிசலால் 2014இல் ஏற்பட்ட இழப்பு நாட்டின் மொத்த உற்பத்தியில் 1.1 முதல் 2.2 விழுக்காடு வரை இருக்கும் என்று உலக வங்கி மதிப்பிட்டது. பத்துக் கிலோ அரிசிப் பையும் சமையல் எண்ணெயும் வாங்கிய அம்மா ஒருவர், வெயிலில் நடைபாதை இல்லாத சாலையில் ஒரு கிலோமீட்டர் நடந்து பேருந்துக்குக் காத்திருப்பார் என்று எதிர்பார்ப்பது அறமல்ல. நடக்கவும் பேருந்து ஏறவும் வழி செய்துவிட்டுத்தான் நிறுத்துமிடத்தைக் குறைக்கச் சொல்ல வேண்டும்.

கடையை வெகுதூரம் தள்ளிவைத்தால் தொல்லை தீரும் என்ற எண்ணத்தையும் இந்நாடு சோதித்துப் பார்த்திருக்கிறது. 2000களின் தொடக்கத்தில் கிள்ளான் பள்ளத்தாக்கு, பினாங்கு, ஜொகூர் பாரு பகுதிகளில் புதிய ஹைப்பர்மார்க்கெட்டுகளுக்கு அரசு தடை விதித்தது. குடியிருப்புகளிலிருந்தும் நகர மையத்திலிருந்தும் 3.5 கிலோமீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்ற வழிகாட்டியும் வந்தது. சிறு மளிகைக் கடைகளைக் காப்பது அதன் நோக்கம், அதை நான் மதிக்கிறேன். ஆனால் 3.5 கிலோமீட்டருக்கு அப்பால் யார் நடந்து போவார்கள்? ஒவ்வொரு வாரச் சந்தைப் பயணமும் கார்ப் பயணமாகிவிடும். தெருவில் குறைந்த கார் நெடுஞ்சாலையில் கூடும்.

எதிர்த்திசைச் சோதனை பிரிக்பீல்ட்ஸில் நடந்திருக்கிறது. பழைய ரயில் பெட்டி முற்றத்தில் 2001இல் கேஎல் சென்ட்ரல் திறந்தது, 2003இல் மோனோரெயில் வந்தது, 2014இல் நியூ சென்ட்ரல் வணிக வளாகம் இரண்டையும் இணைத்தது. அங்கே வளாகத்தின் நடைபாதையே ரயில் மாறும் பாதை. நாள்தோறும் அதனுள் செல்லும் கூட்டத்தில் பெரும்பகுதி கார் இல்லாமல் வந்தது. இத்தனை பெரிய வளாகத்தைக் காரை மட்டும் நம்பி அந்தக் குறுகிய தெருக்களுக்கு நடுவே எழுப்பியிருந்தால் பிரிக்பீல்ட்ஸ் மூச்சு முட்டியிருக்கும்.

ஆனாலும் ஜாலான் துன் சம்பந்தனில் ஓரம் நிரம்பும் மாலைகளில் விலை கொடுப்பவர்கள் வேறு சிலர். மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் தலைமையகம் பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறது. பார்வையற்றவர்கள் வேலை செய்யும் மசாஜ் நிலையங்கள் சுற்றுவட்டாரத்தில் இருக்கின்றன. நடைபாதையில் பதித்த மஞ்சள் ஓடுகள் அவர்களுக்கானவை. நீளக் கோடுகள் என்றால் நடக்கலாம், வட்டப் புள்ளிகள் என்றால் நில், முன்னால் சாலை அல்லது படி. ஜப்பானின் ஒக்காயாமாவில் 1967இல் செய்இச்சி மியாக்கே முதன்முதலில் பதித்த அமைப்பு இது. கோட்டின் மேல் ஒரு மோட்டார் சைக்கிளை நிறுத்தினால் வெண்கோல் முதலில் டயரில் தட்டும். பார்வையற்றவர் சுற்றிப்போக ஒரே வழி, சாலையில் இறங்குவது. இரண்டாவது வரிசைக் கார்கள் நிற்கும் அதே சாலையில். இதை எந்த நெரிசல் அறிக்கையும் விழுக்காட்டில் சொல்வதில்லை.

லோரிகளையும் சொல்ல வேண்டும். பரப்பு கூடினால் சரக்கும் கூடும். அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை நடந்த பெரும் சாலைச் சோதனை, சாலைக்கு ஏற்படும் தேய்மானம் அச்சு எடையின் நான்காம் அடுக்கை ஒட்டிப் போகிறது என்று காட்டியது. காரின் ஓர் அச்சில் 0.7 டன், லோரியின் ஓர் அச்சில் 7 டன் என்றால் எடை பத்து மடங்கு, தேய்மானமோ பத்தாயிரம் மடங்கு. பேரங்காடியின் பின்வாசலுக்குப் போகும் தாமான் சாலையில் மட்டும் தார் ஏன் பெயர்ந்து கிடக்கிறது என்பதற்கு விடை இதில் இருக்கிறது. வீட்டுக் கார்களுக்கென்று போட்ட சாலை, சரக்கு லோரிகளைத் தாங்காது.

இத்தனை கணக்கிலும் பிடிபடாத ஒன்றை அளந்தவர் டொனால்ட் ஆப்பிள்யார்ட். சான் பிரான்சிஸ்கோவில் ஒன்றுபோலவே இருந்த மூன்று தெருக்களை 1960களின் இறுதியில் அவர் ஆராய்ந்தார். நாளுக்கு 2,000 வாகனம் போகும் தெருவில் ஒருவருக்கு அதே தெருவில் சராசரியாக மூன்று நண்பர்கள். 16,000 வாகனம் போகும் தெருவில் ஒருவருக்கும் குறைவு. பழக்கமானவர்களும் ஆறிலிருந்து மூன்றாகக் குறைந்திருந்தார்கள். வாகனம் கூடிய தெருவில் மக்கள் வாசல்பக்கத்தை விட்டு உள்ளறைக்கு ஒதுங்கியிருந்தார்கள். நம் தாமான்களில் மாலையில் கேட்டோரம் நின்று பேசும் பெரியவர்களையும், சாலையில் பூப்பந்து ஆடும் பிள்ளைகளையும் இந்த எண்களோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அவர்கள் கேட்பது கார் நிறுத்த இடம் மட்டும் அல்ல.

சட்டம் இதற்கு எவ்வளவு இடம் தருகிறது? சிலாங்கூர் உட்பட தீபகற்ப மாநிலங்களுக்கு உரியது 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டம். ஓரிடத்துக்கு உள்ளூர்த் திட்டம் இன்னும் இல்லையென்றால், அங்கே வரும் கட்டுமான விண்ணப்பம் பற்றி அண்டை நில உரிமையாளர்களுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அவர்கள் 21 நாளுக்குள் ஆட்சேபம் எழுப்பலாம், மன்றம் அவர்களைக் கேட்க வேண்டும். அண்டை நிலம் என்றால் ஒட்டிய நிலம், அல்லது 20 மீட்டருக்கு மிகாத சாலையோ சந்தோ வடிகாலோ இடையில் உள்ள நிலம். ஒரே முட்டுச்சாலையைப் பயன்படுத்தும் நிலங்களுக்கு 200 மீட்டர்வரை. நாம் மேலே போட்ட கணக்கில் வரிசை 114 மீட்டர். வரிசை போய் நிற்கும் வீட்டுக்காரருக்குச் சட்டப்படி கடிதம் வராமல் போகலாம். உள்ளூர்த் திட்டம் இருக்கும் இடத்திலோ, அதன் வரைவு மக்கள் பார்வைக்கு வைக்கப்படும் நாட்களிலேயே ஆட்சேபத்தைச் சொல்லியிருக்க வேண்டும். பலர் அதைத் தவறவிடுகிறார்கள்.

கோலாலம்பூருக்கு 1982ஆம் ஆண்டின் கூட்டரசுப் பிரதேசத் திட்டமிடல் சட்டம் தனியே உண்டு. தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் குடியிருப்பாளர்கள் ரிம்பா கியாரா பூங்கா நிலத்தில் எழவிருந்த உயர்மாடித் திட்டத்தை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் வழக்காடினார்கள். 2023 ஏப்ரல் 18 அன்று கூட்டரசு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அதற்கான மேம்பாட்டு உத்தரவு செல்லாது என்றது. பாதிக்கப்படும் குடியிருப்பாளர்களைக் கேட்பதும், முடிவுக்குக் காரணம் சொல்வதும் டத்தோ பண்டாரின் கடமை என்பது அத்தீர்ப்பால் உறுதியானது. அது பூங்கா வழக்கு. ஆனால் பேரங்காடிக்குப் பக்கத்தில் இருப்பவருக்கும் அதன் பயன் உண்டு.

எனவே உங்கள் தாமான் முனையில் அறிவிப்புப் பலகையைப் பார்த்தால் அன்றே படம் எடுத்து, தேதியைக் குறித்துவைத்து, சங்கத்துக்குச் சொல்லுங்கள். போக்குவரத்துப் பாதிப்பு அறிக்கையைக் கேளுங்கள். கூடும் வாகனம் எத்தனை விழுக்காடு என்பதோடு நின்றுவிடாமல், வரிசை எத்தனை மீட்டர் நீளும், அது எந்த வீட்டு வாசல்வரை வரும் என்று கேளுங்கள். எண்ணியது எந்தக் கிழமை, பண்டிகை வாரத்துக்கு என்ன ஏற்பாடு, ஒரு கார் சராசரியாக எவ்வளவு நேரம் நிற்கும், நுழைவுத் தடுப்பு ஒரு காருக்கு எத்தனை விநாடி எடுக்கும், லோரிகள் எந்த நேரத்தில் எந்தப் பாதையில் வரும், நடைபாதையும் மஞ்சள் ஓடுகளும் எங்கே என்று எழுத்தில் கேளுங்கள். கிள்ளானில் இருந்தால் அரச மாநகர் மன்றத்திலும், பிரிக்பீல்ட்ஸில் இருந்தால் கோலாலம்பூர் மாநகர் மன்றத்திலும் கடிதத்தைக் கொடுத்துப் பெற்றுக்கொண்ட முத்திரையை வாங்கிக்கொள்ளுங்கள். இந்தக் கேள்விகளுக்கு எண்ணில் பதில் வரும்வரை ஒப்புதல் கையெழுத்துப் போடாதீர்கள்.